உடைந்த குடமும் ஓசூர் ரோஜாவும்

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் புதுப் பெட்டி செய்கிற தொழிலில் மெஷின் தேய்வதற்கு முன்பே தேய்ந்துபோவது மூக்குதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் இதே பிழைப்புப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கையைக் கொடுங்கள்.

தீக்குச்சி லேப்

பெங்களூரிலிருந்து உடைந்த குடம், வாளி, எண்ணெய் கேன் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வேறு ரகத் துண்டு ஒன்று கலந்தாலும் பெட்டி விரிசல் விடும். நான் டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் அல்லவா, லேபுக்கு அனுப்பிச் சோதிக்கலாம் என்றேன். பாகலூரிலிருந்து வேலைக்கு வரும் முனியம்மா ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டி, அணைத்து, முகர்ந்தார். மெழுகுவத்தி வாசனை வந்தால் இந்தக் கூடை, மூக்கைக் குத்தினால் அந்தக் கூடை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு மூட்டை காலி. முனியம்மா சொன்னார்: "லேபு ரிப்போர்ட்டு வர ஒரு வாரம் ஆவும் சார். என் மூக்கு இங்கியே கீது."

மாடியிலிருந்து விழுந்த பெட்டி

எங்கள் பதினோரு பேரின் வேலையும் ஒரே ஆர்டரில் தொங்கியது. பக்கத்து இன்ஜின் பாகத் தொழிற்சாலை மரப்பெட்டியை விட்டு எங்கள் பெட்டிக்கு மாற வேண்டும். பாகங்களோடு பெங்களூர் போகும் பெட்டி காலியாகத் திரும்பி வந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். இது கிடைக்காவிட்டால் யூனிட்டைப் பூட்டுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையின் குவாலிட்டி ஆபீசர், சோதித்துப் பார்க்க, இரும்பு நிரப்பிய எங்கள் பெட்டியை மாடியிலிருந்து கீழே தள்ளினார். எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டி ஒரு குதி குதித்து நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் அதைக் கட்டிக்கொண்டேன். ஆபீசர் இறங்கி வந்து உள்ளே தலையை விட்டு முகர்ந்தார். "ஆர்டர் தர்றேன். அந்தக் கடலை எண்ணெய் கேனை மட்டும் இன்னும் ரெண்டு தடவை கழுவுங்க."

போனது வரவில்லை

இரண்டே மாதத்தில் பாதிப் பெட்டிகளைக் காணோம். இன்னும் குறைந்தால் மரப்பெட்டிக்கே திரும்பிவிடுவேன் என்றார் ஆபீசர்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் பாகலூர் பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன். எங்கள் பெட்டிகள்! ஒவ்வொன்றிலும் ரோஜா. இறக்கிக்கொண்டிருந்த விவசாயியைப் பிடித்தேன். காலிப் பெட்டியோடு திரும்பும் லாரிக்காரர், அவரிடம் தக்காளி வாங்கிக்கொண்டு காசுக்குப் பதில் பெட்டியைக் கொடுத்தாராம். சண்டைக்குத் தயாராக நின்ற என்னிடம் அவர் நிதானமாகச் சொன்னார்: "கூடையில நசுங்குற பூவு இதுல நசுங்கல சார். மூடி வெச்சாத்தான் வேர்க்குது. நாலு பக்கமும் ஓட்டை போட்டுக் குடுங்க."

ஓட்டை வியாபாரம்

இதைக் கேட்ட முதலாளி சிரித்தே விட்டார். மறுநாளே பூக்காரர்களுக்கு விற்கவென்று தனியாகப் பெட்டி செய்து ஓட்டை போட்டோம். பூக்காரர்கள் யூனிட் வாசலில் வரிசை கட்டினார்கள். ஓட்டையில்லாத பெட்டியை யாரும் சீந்தவில்லை, அதனால் கம்பெனிப் பெட்டிகள் ஒழுங்காகத் திரும்பின. பதினோரு பேர் இருபது பேரானோம். ஆர்டரைப் புதுப்பிக்க வந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எங்க வீட்லயும் கொஞ்சம் ரோஜா இருக்கு. ஓட்டை போட்டதுல ரெண்டு அனுப்பி வைங்க."

திரும்பி வரும் பெட்டியை நம்பிக் கடை விரித்த எங்களை வாழவைத்தது, போனால் திரும்பியே வராத பெட்டிதான்.