எதிரொலி திருத்திய கணக்குகள்

எங்கள் அக்காவுக்குப் பாலம் கட்டும் படிப்பின் மேல் வெறி. ஆனால் கணக்கு மட்டும் அவளுக்கு வராது. சமக்குறிக்கு அந்தப் பக்கம் எதையாவது கொண்டுபோனால் குறியை மாற்ற மறந்துவிடுவாள். கல்லூரியில் அவள் பெயரே 'மைனஸ்'.

"உலகத்துல வேற படிப்பே இல்லையாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"எனக்குப் பாலந்தாம்மா வேணும்."

பிடிவாதத்தில் அவளை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆளில்லை. கணக்குத் தாளில் ஏற்கெனவே மூன்று முறை தோற்றாயிற்று. இந்த முறையும் போனால் கல்லூரியைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குக் கணக்கு ஓடும். வீட்டில் கத்தினால், இரவு வேலை முடித்துப் படுத்திருக்கும் அப்பா எழுந்துவிடுவார். அதனால் விடுமுறையில் கல்லூரியின் பழைய வரைபடக் கூடத்துக்குப் போவாள். துணைக்குத் தங்கச்சி நான், எல்லாம் என் தலையெழுத்து. சாய்வு மேசைகளும் கரும்பலகையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. என்ன சொன்னாலும் பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

ஒருநாள் மத்தியானம், "அஞ்சு எக்ஸ் அந்தப் பக்கம் போகுது, பிளஸ் அஞ்சு எக்ஸ்," என்றாள். சுவரிலிருந்து அவள் குரலிலேயே வந்தது: "மைனஸ் அஞ்சு எக்ஸ்."

நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். "அக்கா, வா, போயிரலாம்!"

அவளோ பலகையை உற்றுப் பார்த்துக் குறியைத் திருத்தினாள். விடை வந்தது. "சரியாத்தானேடி சொல்லுது?" என்றாள். இவளையெல்லாம் என்ன செய்வது?

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். சரியாகச் சொன்னால் அப்படியே திரும்பி வரும், தப்பென்றால் திருத்தும். திருத்தும்போதெல்லாம் என் பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் சில்லென்றிருக்கும். நான் திரும்பியே பார்க்க மாட்டேன்.

வளைகோடுகளுக்கு நடுவில் இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்கிற இரட்டை இண்டக்ரேஷன் கணக்கில் மட்டும் அது வாயைத் திறக்காது. அக்கா எவ்வளவு கத்தினாலும் வெறும் எதிரொலிகூட வராது. "அதுக்கும் இது வராதுபோல," என்றாள். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் பயம். அந்தக் கணக்கோடு அவள் தனியாக மல்லுக்கட்டினாள். படம் போட்டு, எல்லைக் கோடுகளை விரலால் தடவி, அழித்து, திட்டி, அழுது, ஒருவழியாகப் பிடித்துவிட்டாள்.

தேர்வு வேறு கட்டடத்தில் நடந்தது. அங்கே உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொரு குறியிலும் நின்று நின்று எழுதினாளாம். தேறிவிட்டாள், அதுவும் மயிரிழையில். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். வாசலில் நின்று, "நான் பாஸாயிட்டேன்!" என்று கத்தினாள்.

அவள் குரல் திரும்பி வரவில்லை. பிறகு, இதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு பெண் குரல் வந்தது.

"நான் ஆகல."

எனக்குப் பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு உள்ளே போனாள். சாக்கட்டியை எடுத்து, ஓர் இரட்டை இண்டக்ரேஷனைப் பலகையில் எழுதினாள்.

"இதுலதானே போச்சு? முதல்ல படம் போடணும். எங்கே, சொல்லு," என்றாள்.

பின்சுவரிலிருந்து தயங்கித் தயங்கி வந்தது:

"முதல்ல... படம் போடணும்."