ஆனி முடிவதற்குள் காய்ச்சிய பால்

கதவும் சன்னலும் வைக்காத அந்த மூன்றாவது மாடியில் அடுப்பு பற்றவே மாட்டேன் என்றது. செங்கல் கூட்டிப் புதுப் பானையை ஏற்றிவிட்டு, காற்றை மறைக்க ஜமக்காளத்தைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. கைப்பிடி இல்லாத படியில் ஏறிவந்த பயம் தெளியாமல் உறவுக்காரப் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகப் பால் பொங்கியது; நல்லபடியாகக் கிழக்குப் பக்கமே பொங்கியது. எங்கள் ஹெட்கிளார்க் கைகூப்பி நின்றார். அவர் மனைவி எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பாலில் புகை வாடை அடித்தது. யாரும் சொல்லவில்லை, குடித்துவிட்டோம்.

எண்பதுகளின் நடுவில் சேலம் சூரமங்கலத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி அது. கீழே கடைகள், மேலே வீடுகள். நான் சங்ககிரியிலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்து ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். என்னைப்போல வந்து போகிறவர்கள் பெருகப் பெருக, ஜங்ஷனைச் சுற்றி ஒரு முழம் இடத்தைக்கூட ஆட்கள் விட்டுவைக்கவில்லை. புளியமரத்தடி சைக்கிள் ஸ்டாண்டில்கூட ஒருநாள் கல் நட்டுவிட்டார்கள். தரையில் பாத்தியதை இல்லாமல் ஆகாசத்தில் வீடு வாங்குவதா என்று ஆபீசில் கேலி பேசினோம். ஹெட்கிளார்க் மட்டும் பேசவில்லை. பரமத்தி வேலூரில் தன் பங்கு வெற்றிலைக் கொடிக்காலைத் தம்பிக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, அதில் கிடைத்ததை அப்படியே இந்த மூன்றாவது மாடியில் போட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆபீசில் ஓய்வுபெற்ற ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்காரர் பிணத்தை உள்ளே விடவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் கேட்டை மறித்து நின்றார். ஹெட்கிளார்க் அதை நேரில் பார்த்தவர். அவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஓய்வுபெற்றால் ரயில்வே குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். அதன் பிறகு அவர் வாயிலிருந்து அடிக்கடி வந்தது ஒரே பேச்சுதான்: "இருக்கறதுக்கு எங்க வேணாலும் இருந்துக்கலாமுங்க. போறதுக்குச் சொந்த வாசல் வேணுமுங்க."

அவர் ஓய்வுபெறும் நாள் ஆடியில் வந்தது. ஆடியில் யாரும் புது வீடு புகமாட்டார்கள். வாடகை வீட்டில் போய்ப் பால் காய்ச்சவும் அவர் மனைவிக்கு மனமில்லை. கட்டிடக்காரர் வழி சொன்னார்: ஆனி கடைசி முகூர்த்தத்தில் இப்படியே பாலைக் காய்ச்சிவிடுங்கள், ஆவணிக்குள் கதவு, தண்ணீர், கரண்ட் எல்லாம் வந்துவிடும், பால் காய்ச்சிவிட்டால் அது உங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறதுதானே? அவர் நம்பினார். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கட்டுகிற ஆளைப் பார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆவணி போயிற்று, தையும் போயிற்று. கட்டிடக்காரரும் அவருடைய கூட்டாளியும் சண்டை போட்டுக்கொண்டார்கள், வேலை நின்றது. ஹெட்கிளார்க் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரை வைத்து நியாயம் கேட்டார். நாங்களும் போயிருந்தோம். கட்டிடக்காரர் சத்தம் போடவேயில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பால் காய்ச்சுனீங்களா, இல்லீங்களா?"

"காய்ச்சுனமுங்க," என்றார் ஹெட்கிளார்க்.

அவ்வளவுதான். பால் காய்ச்சிய பிறகு அது குடிபோன வீடு. மிச்ச வேலை வீட்டுக்காரன் பாடு என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். மரியாதைக்குக் குடித்த நாங்களெல்லாம் கட்டிடக்காரருக்குச் சாட்சியாகிப்போனோம். அந்த மனுஷனுக்கு ஒரு பொய் சொல்ல வரவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

கீழ்த்தளம் மட்டும் ஜோராக முடிந்தது. ஜவுளிக்கடை வந்தது, பாத்திரக்கடை வந்தது, வாசலுக்குச் சீரியல் பல்பு வந்தது. மேலே போகிற படிக்குக் கடைக்காரர்கள் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார்கள். ஹெட்கிளார்க் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார். சாயங்காலம் என்னை ஸ்டேஷன் வழியில் பார்த்தால் பேசுவார்; அந்தக் கட்டிடம் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். இப்போது அந்த மாடிகள் ஜவுளிக்கடையின் கிடங்கு. சேலம் எங்கேயோ போய்விட்டது. இருபது மாடி கட்டினாலும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஹெட்கிளார்க் ஆஸ்பத்திரியில் இறந்தார். வாடகை வீட்டுக்காரர் தன் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம் என்று கண்கலங்கிச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அக்கா, ஹெட்கிளார்க்கின் மனைவியை நான் அப்படித்தான் அழைப்பேன், நம் ஊட்டுக்கே கொண்டுபோகலாம் என்றார். வேன் கடைகளுக்கு முன்னால் நின்றது. படிக்கதவைத் திறக்கச் சொல்லி நான்தான் போய்க் கேட்டேன். ஜவுளிக்கடைக்காரர் தெருவில் நெரிந்த கூட்டத்தைக் காட்டினார். "யாவாரம் நடக்கற எடமுங்க. உங்களுக்கே தெரியும்," என்றார். துணி எடுக்க வந்தவர்கள் வேனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பரமத்தி வேலூருக்குப் போனோம். வெளியே செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுவரக்கூடாது என்று தம்பி பாதியிலேயே வந்து மறித்தார். அதனால் நேராகக் காவிரிக்கரைச் சுடுகாடு; இறங்க வீடு இல்லாததால் பெண்களும் கூடவே போனோம். எல்லாம் முடிந்து பெண்கள் கிளம்பும்போது, உறவில் மூத்த அம்மாள் ஒருவர் அக்காவிடம் கேட்டார், உடம்பு கிடந்த இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கு எரிய வேண்டுமே, எங்கே வைப்பது என்று. அக்கா என் கையைப் பிடித்தார்.

"அவரு கடைசியாக் கெடந்தது அந்த வேன்லதான் அம்முணி. அதுல வெக்க முடியுமான்னு கேட்டுட்டு வா."

நான் வேன் நின்றிருந்த மேட்டுக்கு ஏறிப் போனேன். வேன் அடுத்த வாடகைக்குப் போய்விட்டிருந்தது.