சகுனத்துக்கு முன்னே போன மாப்பிள்ளை

பொன்னன் வலது காலை வாசலுக்கு வெளியே வைத்தான். கூரையில் ஒரு பல்லி சொன்னது. காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஒரு வாய் தண்ணீர் குடித்து, சுவரைப் பார்த்தபடி சற்று உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் வைத்தான். திண்ணனூர் நாடு என்ற மலைப்பகுதியில் அவன் வீட்டுக்கு அடுத்த கொட்டகையில் நான் தங்கியிருந்த ஒன்றரை மாதத்தில், ஒரே மூச்சில் அவன் வீட்டை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

நான் மலேரியா ஒழிப்பு வேலைக்காரன். சேந்தமங்கலத்திலிருந்து மருந்துத் தூள் டின்களைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு மலைக்கு நடந்தே வந்து, வீடு வீடாகச் சுவருக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

பொன்னனுக்கு வயது இருபத்து நாலு. மிளகு பறிக்கிறவன். ஐம்பதடி மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறுவான். உச்சியில் காற்றடித்து ஏணி ஆடினால், "சும்மா இரு சாமி" என்று ஏணியையே அதட்டுவான். விழுந்தால் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டிய உயரம். அதற்கெல்லாம் அவனுக்குப் பயமில்லை. பூனைக்குப் பயம், பல்லிக்குப் பயம், யாராவது தும்மினால் பெரும் பயம்.

"மரத்துல இருந்து உழுந்தா நம்ம கை பிசகுனதுங்க சார். சகுனம் அப்படியில்லீங்களே. அது வேற ஆரோ சொல்றதுங்க" என்பான்.

அந்த மாசியில் அவன் பயத்துக்குக் காரணமும் இருந்தது. எதிர்மேட்டு ஊரில் பழனியம்மாள் என்ற பெண்ணை அவனுக்குக் கேட்க இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பெரியவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். பெண் கேட்க மாப்பிள்ளை போகக்கூடாது. பெரியப்பா செல்லமுத்துவும் இன்னும் நாலு பேரும் போவார்கள். வழியில் சகுனம் சரியில்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுவார்கள். முதல் முறை பூனை குறுக்கே போனது. இரண்டாம் முறை குறுக்கே போனது நான். காக்கி உடையும் மருந்து டின்னுமாக ஒற்றை ஆளாய் எதிரே வந்ததோடு நில்லாமல், "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

பெண்ணின் தகப்பனார் சொல்லி அனுப்பிவிட்டார்: "மூணாவது வாட்டியும் திரும்புனா எம்புள்ளைக்குத்தான் பேரு கெடும். வேற எடம் பாத்துக்கறேன்."

பழனியம்மாளைப் பொன்னன் ஒரே ஒரு முறைதான் பக்கத்தில் பார்த்திருக்கிறான். சந்தையில் இவனுடைய மிளகு மூட்டை பிரிந்து கொட்டியபோது, அவளும் குனிந்து கூட அள்ளிப் போட்டாளாம். "ஒரு மணி கூட உடலீங்க சார்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று எனக்கே நினைவில்லை.

ஆகவே மாப்பிள்ளையே கல்யாண வேலையில் இறங்கிவிட்டான். வெற்றிலை பாக்கு, துணிமணியெல்லாம் பெரியவர்கள் பாடு. அவன் எடுத்துக்கொண்டது வழியை. மூன்றாம் பயணத்துக்கு முந்தின நாள், ஒற்றையடிப் பாதை நெடுகப் புதர்களைத் தடியால் அடித்துப் பாம்பு பல்லியை விரட்டினான். ஊரிலிருந்த பூனைகள் மூன்றையும் பிடித்துக் கூடையால் கவிழ்த்து மூடினான். விறகு சுமப்பவர்களிடம், காலையில் அந்தப் பக்கம் வராதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். பெரியவர்கள் என் கொட்டகையைத் தாண்டும் நேரத்துக்கு நிறைகுடத்தோடு எதிரே வர, பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் சொல்லி வைத்தான்.

ராக்கம்மாள் வாசலில்தான் அவனுக்கு நாக்கு எழவில்லை. அவள் புருஷனை இழந்தவள். போன வருஷம் காய்ச்சலில் கிடந்த பொன்னனுக்குக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவளும் அவள்தான். தலை குனிந்து நின்றவனை அவளே விடுவித்தாள்.

"தெரியுஞ் சாமி. நான் கருக்கல்லயே காட்டுக்குப் போயிக்கறேன். நீ போ கண்ணு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவனைத் திட்டலாம் என்று திரும்பினால், அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். "ஏனுங்க சார், இன்னிக்கு நீங்க வெளிய வரக்கூடாதுங்க." எனக்குக் காவல்!

"நீயே ஏற்பாடு செய்தால் அது சகுனமாகுமா பொன்னா?"

"அதானுங்க பயமா இருக்குது. சாமிக்குத் தெரியாதுங்களா?" என்றான்.

பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. தட்டிச் சந்து வழியாகப் பார்த்தோம். செல்லமுத்து முன்னால், நாலு பேர் பின்னால். அந்த நேரம் பார்த்துப் பொன்னனின் முகம் கோணியது. வருஷம் முழுக்க மிளகுத் தூசியில் புழங்கியும் ஒரு தும்மல் போடாத மூக்கு அது. மூலையில் என் மருந்து டின் மூடி சரியாக மூடப்படாமல் கிடந்தது. இரண்டு கைகளாலும் மூக்கையும் வாயையும் அழுத்திப் பொத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கொட்டியது. எவ்வளவு அடக்கியும் தொண்டைக்குள் ஏதோ முறிந்தது போல ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டது.

செல்லமுத்து நின்றார். "என்னமோ சத்தங் கேட்டாப்ல இருந்துச்சே?"

சகுனத்தைக் கேலி செய்கிற நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள்.

"நெறகுடம் எதுக்க வருது பாருங்க, நடங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாதம்மாள் குடம் தளும்ப வந்துகொண்டிருந்தாள். செல்லமுத்து இன்னொரு தடவை கொட்டகையைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

காலடிகள் வளைவு திரும்பித் தேய்ந்து போயின.

"போய்விட்டார்கள், கையை எடு" என்றேன். எடுக்கவில்லை. பொத்திய கைகளுக்கு மேலே அவன் கண்கள் மட்டும் மருந்து டின்னுக்குப் போய், அங்கிருந்து என் முகத்துக்கு வந்தன. பிறகு ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்தான். அதை நீட்டி என் மூக்கைப் பொத்தினான்.