கிரிவலமும் ஆல்புமினும்

கடுமையாக உடலை வருத்தினால் யூரினில் ஆல்புமின் வரலாம் என்று எங்கள் டிஎம்எல்டி லேப் படிப்பின் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. படித்தபோது ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு லேப்பில் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், நெற்றி நிறைய விபூதியோடு கீழ்பென்னாத்தூர் ஏழுமலை வந்தார்.

முதல் ரிப்போர்ட்

அவருக்கு ஒரு கல்லூரியில் பஸ் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் மெடிக்கல் ஃபிட்னஸ் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கண், பிரஷர், சுகர் எல்லாம் சரி. புதன்கிழமை அவருடைய யூரினில் நிறம் மாறிக் காட்டும் டெஸ்ட் ஸ்டிரிப்பை முக்கினேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய கட்டம் பச்சைக்குத் திரும்பியது. ஆல்புமின் ஒன் ப்ளஸ்.

"ப்ளஸ்னா நல்லதுதானம்மா?"

"இல்லண்ணே, இதுல நெகட்டிவ் வந்தாதான் நல்லது. ஆல்புமின் ரத்தத்துல இருக்கிற புரதம். கிட்னி அத வெளிய விடக்கூடாது."

"அப்ப கிட்னி போச்சா?"

"ஒரு தடவ வந்தத வச்சு அப்படிலாம் சொல்ல முடியாதுண்ணே. டாக்டர் ரிப்பீட் கேப்பாரு."

அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "அவன் பாத்துப்பான்."

இரண்டாவது ரிப்போர்ட்

வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டே வந்தார். ஆல்புமின் டூ ப்ளஸ், கீட்டோன் டூ ப்ளஸ், ரத்தம் ஒன் ப்ளஸ். லேப் இன்சார்ஜ் சாந்தி மேடம் எட்டிப் பார்த்தார்.

"சாம்பிள மாத்திட்டியா?"

மறுபடி முக்கினேன். அதே நிறங்கள். ரிசல்ட்டைச் சொன்னதும் ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு சுத்து பத்தல போல. நாளைக்கு மூணா போட்டுட்றேன்."

"என்ன சுத்துண்ணே?"

"கிரிவலம்மா. வேலை கிடைச்சதுக்கு செவ்வாய்க்கிழம ஒரு சுத்து வந்தேன். நேத்து கிட்னிக்காக ரெண்டு. பச்சத்தண்ணி கூட குடிக்கல."

"செருப்பு போட்டுக்கிட்டா?"

"சாமி மலைய செருப்போட சுத்துவாங்களா?"

ஒரு சுற்று பதினான்கு கிலோமீட்டர். கணக்கு சட்டென்று விளங்கியது: ஆல்புமினும் ரத்தமும் நடையால் வந்திருக்கலாம், கீட்டோன் பட்டினியால். கிட்னி குணமாக வேண்டும் என்று நடக்க நடக்க ரிப்போர்ட் கெட்டுக்கொண்டே போகிறது. டாக்டருக்கு போன் போட்டேன். ரெண்டு நாள் ரெஸ்ட், நல்லா தண்ணி, திங்கள் காலையில் ரிப்பீட் என்றார்.

"வேண்டிக்கிட்டேனேம்மா. போகலன்னா சாமி கோச்சுக்கும்" என்றார் ஏழுமலை.

மேடம் குறுக்கே வந்தார். "சாமி மெதுவா கோச்சுக்கும்ங்க. காலேஜ்காரன் திங்கக்கெழமையே கோச்சுப்பான். எந்தத் தேதில வரேன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"தேதிலாம் சொல்லல."

"அப்ப வேலைல சேந்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன். "படுத்துனேதான் இருக்கேம்மா. பாத்ரூம் வரைக்கும் நடக்கலாமா?"

மூன்றாவது ரிப்போர்ட்

திங்கள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். ஸ்டிரிப்பை முக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நிமிடத்தை எண்ணினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எல்லாம் நெகட்டிவ். டாக்டர் ஃபிட் என்று கையெழுத்துப் போட்டார்.

ஏழுமலை சர்டிஃபிகேட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா, வரேன்னு சொன்னதுக்கே சாமி குணமாக்கிடுச்சு. அந்த மூணு சுத்தும் நடந்திருந்தா சனிக்கிழமையே ஆயிருக்கும்."

அவரிடம் வாதாட எனக்கு நேரமில்லை. அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புதிதாக லேப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஸ்டிரிப்பை முக்குமுன், வந்தவர் நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள். ஓய்வெடுத்த பிறகும் ஆல்புமின் வந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம், நடையின் மேல் பழி போடாதீர்கள். முக்கியமாக, "கிரிவலம் போனீங்களா?" என்று கேட்காதீர்கள். போகாதவர்களும் பக்தியில் மார்க் குறைந்துவிடுமோ என்று பயந்து, போனேன் என்கிறார்கள். "கால் வலிக்குதா?" என்று கேட்டால்தான் உண்மை வருகிறது.