பஞ்சன்ட் என்று எழுதிய வருஷங்கள்

கம்பத்தில் ஒரு மிளகு மண்டியில் எனக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதும் வேலை. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, தூத்துக்குடி ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தரம் எழுத வேண்டும். அந்தக் கம்பெனித் துரைக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு: பஞ்சன்ட். அது இல்லாத கடிதத்தை அவர் மதிப்பதில்லை என்று முதலாளி சொன்னார்.

அகராதியைப் புரட்டினேன். நாக்கில் சுரீரென்று உறைப்பது, மூக்கில் ஏறும் நெடி, மனதைத் தைக்கும் பேச்சு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லாம். பேச்சுக்கு எங்கள் முதலாளியே போதும். நாக்கு, மூக்கு சமாச்சாரத்தைத்தான் நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்.

மிளகு கடித்துப் பார்க்கிறவர்கள் பருவம் முடியும்வரை மிளகாய் தொடமாட்டார்கள். அது மண்டி வழக்கம். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். மூக்கும் கெடக்கூடாதென்று, தை பிறந்து சித்திரை முடியும்வரை வீட்டுக்குள் மிளகாயே வரக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றாள். அப்படியே ஐந்து வருஷம், பருவந்தோறும் மோர்ச்சோறும் உப்புப் பருப்பும். நான் முதலில் சாப்பிடுவேன், பிறகு அவள். எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. பெரிய உத்தியோகஸ்தன் அல்லவா!

ஆறாம் வருஷம் சிவராத்திரிக்குக் கடமலைக்குண்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போனவள் பங்குனி பாதியாகியும் வரவில்லை. கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவளுக்கு எழுதத் தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் மோர்ச்சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, பேச ஆளில்லாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். இனி வரவே மாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் அவளும் தங்கையும் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பச்சை மிளகாயை உப்பில் தொட்டு நறுக்கென்று கடித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர், வாய் நிறையச் சிரிப்பு.

"அடியே, ஒறப்புன்னா இதுதாண்டி ஒறப்பு!"

சாப்பிடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, மச்சான் வந்திருக்காக" என்றாள் தங்கை.

சட்டென்று மிளகாயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஒண்ணு குடு."

"வேணாங்க. நாளைக்கு மொளகு கடிக்கணும்ல. செத்த இருங்க, மோருச்சோறு பெசஞ்சு தாரேன்."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு..."

அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். தங்கை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் வேறு சேலை கட்டிக்கொண்டு, துணி மூட்டையோடு வந்து நின்றாள். "போவமா?" என்றாள். வரமாட்டாளோ என்று பயந்ததற்கு எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் விரல்களெல்லாம் சிவந்து கிடந்தன. என்னோடு வருவதற்காக, மிளகாய் நெடி போகச் சாம்பல் போட்டு அப்படித் தேய்த்துக் கழுவியிருந்தாள்.