நியாலாஸ் பாய்லரும் நான் பேசிய சின்ன அணு உலையும்

சிறிய அணு உலைகளைப் பற்றி மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஊருக்கு ஒன்று வைத்துக்கொண்டால் மின்சாரத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் 1997 அக்டோபரில் மலேசியாவின் மலாக்கா மாநிலத்து நியாலாஸ் பக்கம் போன பயணம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இதே விஷயத்தை அன்றைக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேடையேறிப் பேசியவள் நான். பேசிய லட்சணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்போது மலாக்கா நகரத்துப் பாச்சாங்கில் குடியிருந்தேன். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, தோட்டத்து மாணவர்களுக்குப் பேச வரச்சொல்லி அங்கிருந்த இளைஞர் மன்றத்தினர் அழைத்தார்கள். தலைப்பு என் விருப்பம் என்றார்கள். சின்ன அணு உலை பற்றி ஓர் அறிவியல் இதழில் அப்போதுதான் படித்திருந்தேன். புதுச் சேலை கட்டியவள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாளா? அதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டேன்.

கணவருக்கு அன்று வேலை இருந்ததால் ஆறு வயது மகள் ஷாமினியையும் கூட்டிக்கொண்டேன். அவளுக்கு ஆஸ்துமா. இந்தோனேசியக் காட்டுத்தீயால் வந்த அந்த ஆண்டுப் புகைமூட்டம் எப்படியிருந்தது என்று மலாக்காவில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வாரம் கொஞ்சம் தேவலை என்பதால் துணிந்தேன். நெபுலைசரை மட்டும் மறக்காமல் பையில் வைத்தேன். மருந்தைப் புகைபோல் ஆக்கி முகமூடி வழியாக நெஞ்சுக்குள் அனுப்பும் கருவி அது. மின்சாரம் இருந்தால்தான் ஓடும்.

காலை 9.15க்கு மலாக்காவில் பஸ் ஏறினோம். ஜாசினுக்கு ஐம்பது நிமிடம், எனக்கு 1 ரிங்கிட் 80 சென், அவளுக்குப் பாதி. ஜாசினில் ஆளுக்கொரு ரொட்டி சானாய். அங்கிருந்து தோட்டத்துக்கு டாக்சி, 20 ரிங்கிட். நியாலாஸ் தாண்டி உள்ளே ஐந்து கிலோமீட்டர் செம்மண் பாதை.

"கண்ணாடிய ஏத்திக்குங்க டீச்சர். ஜெரெபு ஒரு பக்கம், மண்ணு ஒரு பக்கம். பாப்பா பாவம் லா," என்றார் டாக்சிக்காரர். புகைமூட்டத்தை அவர் கடைசிவரை மலாயில்தான் திட்டினார். மாலை ஆறுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, 11.30க்கு எங்களை இறக்கிவிட்டார்.

தோட்டத்துக்கு அப்போது நகரத்து மின்கம்பி வரவில்லை. செம்பனை எண்ணெய் மில்லில் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுற்றவிட்டு, மில்லுக்கும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் அவர்களே மின்சாரம் கொடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் மாலை ஐந்துக்கு மில் நின்றுவிடும். பிறகு ஆறரைக்கு டீசல் எஞ்சின் போடுவார்கள். அதன் சாவி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம், அவரோ நியாலாஸில் குடியிருந்தார். நடுவில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் கிடையாது. இதையெல்லாம் மதியச் சாப்பாட்டில் எனக்குச் சொன்னவர் முனியாண்டி அண்ணன். நாற்பது வயதிருக்கும், பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். அவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. அவர் மனைவி சரோஜா அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பை ஷாமினி இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

இரண்டரைக்குக் கோயில் மண்டபத்தில் என் பேச்சு. ஓர் அறையளவு உலை, மண்ணுக்குள் புதைத்துவிடலாம், புகை இல்லை, சாம்பல் இல்லை, பத்து வருடம் யாரும் தொடவே வேண்டாம் என்று அடுக்கினேன். எல்லாம் காகிதத்தில் இருந்த திட்டம்தான். நானோ பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு வந்தவள் போலப் பேசினேன்.

வேலைக்கு நடுவே பத்து நிமிடம் எட்டிப்பார்க்க வந்த முனியாண்டி அண்ணன் கையைத் தூக்கினார்.

"டீச்சர், பத்து வருஷம் பக்கத்துல ஆளே இருக்க மாட்டாங்களா? அவசரத்துக்குக் கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?"

"ஒங்க பாய்லருக்குத்தாண்ணே ஆளு வேணும். இது வந்துட்டா நீங்க வீட்டுல காலாட்டிக்கிட்டு உக்காரலாம்," என்றேன்.

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினார். நான் பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

நாலரைக்குச் சரோஜா அக்கா வீட்டில் தேநீர். கோப்பையைக் கையில் எடுத்தபோதே ஷாமினி இரும ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் இருமல் இரைப்பாகி, கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. முகமூடியை மாட்டி நெபுலைசரை ஓட்டினேன். எப்போதும் இருமுறை மருந்து கொடுத்தால்தான் அடங்கும், நடுவில் இருபது நிமிடம் விட வேண்டும். ஆகமொத்தம் முக்கால் மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் மணி 4.50. ஜாசின் மருத்துவமனைக்குப் போக அப்போது வண்டி ஏதும் இல்லை.

அப்போது பார்த்து விசிறி இரண்டு முறை நின்று நின்று ஓடியது. நெபுலைசரும் திக்கியது. மின்சாரத்தில் கோளாறு, கருவி எரிந்துவிடும் என்று பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அறிவியல் ஆசிரியை அல்லவா!

"ஐயோ டீச்சர், புடுங்காதீங்க!" என்று சரோஜா அக்கா கத்தினார். "அது எங்க வீட்டுக்காரரு கரண்ட வெட்டி விடுறாரு. இன்னும் பத்து நிமிஷத்துல நிறுத்தப் போறேன், யாருக்காச்சும் வேணுமான்னு கேக்குறாரு!"

கத்தியவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ணங், ணங், ணங். மூன்று அடி. நான் பிளக்கை மறுபடி செருகினேன்.

ஐந்தானது. மில்லின் சங்கு ஊதியது. எங்கள் விசிறி நிற்கவில்லை. ஐந்தே கால், ஐந்தரை. இரண்டாவது மருந்தும் இறங்கியது. 5.40க்கு ஷாமினி முகமூடியைத் தானே கழற்றிவிட்டு, "அம்மா, பிஸ்கட் இருக்கா?" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். சரோஜா அக்கா பிஸ்கட் டின்னையே அவள் மடியில் வைத்தார்.

அவரிடம் ஷாமினியை விட்டுவிட்டு மில்லுக்கு ஓடினேன். லயத்திலிருந்து முந்நூறு மீட்டர்தான். மற்ற இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. முனியாண்டி அண்ணனும் இன்னொருவரும் மாறி மாறி மண்வாரியால் கொட்டை ஓட்டை அள்ளி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை நேரம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாப்பாவுக்கு இப்ப தேவலைண்ணே," என்றேன்.

"பாப்பாவுக்கா?" என்று திடுக்கிட்டார். "எனக்கு அடி மட்டும்தான் கேட்டுச்சு டீச்சர். யாருன்னு தெரியாது."

"தெரியாமலா இவ்வளவு நேரம்?"

"தெரிஞ்சு என்னா செய்யப் போறேன்? மூணு அடின்னா வேணும், ஒரு அடின்னா போதும். இன்னும் ஒரு அடி விழல லா."

பதற்றத்தில் அந்த ஓர் அடியைச் சரோஜா அக்கா மறந்திருந்தார். மண்டபத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அட, அதெல்லாம் பரவால்ல. அந்தச் சின்ன உலை வரட்டும், எனக்கும் முதுகு வலிதான்," என்று சிரித்தார். நன்றி என்ற வார்த்தை அவர் முன்னால் எனக்குப் போதவே இல்லை.

திரும்பி நடந்துபோய் அந்த இரும்பை நானே ஒரு முறை அடித்தேன். சிறிது நேரத்தில் கரண்ட் நின்று வீடுகளில் வானொலிகள் ஒரே நேரத்தில் அடங்கின. ஆறுக்கு டாக்சி வந்தது. போகும் வழியில் ஜாசின் மருத்துவமனையில் காட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குள் பாச்சாங் சேர்ந்தோம்.

சின்ன அணு உலை வேண்டாமென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அந்த அண்ணன் முதுகை நினைத்தால் வரட்டும் என்றுதான் தோன்றுகிறது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று அவர் கேட்ட கேள்விக்கு யாராவது ஒழுங்காகப் பதில் சொன்னால், முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. ஆஸ்துமாப் பிள்ளைகள் இருந்தால் பேட்டரியில் ஓடும் நெபுலைசர் எடுத்துப் போங்கள், திரும்பும் வண்டியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு நகர மின்சாரம் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் விசிறி இரண்டு முறை நின்று ஓடினால், என்னைப் போல் பிளக்கைப் பிடுங்காதீர்கள். தேவையென்றால் மூன்று அடி அடியுங்கள். தேவை முடிந்ததும் மறக்காமல் ஓர் அடி. அது விழும்வரை அங்கே ஒருவர் நெருப்பை விட்டு நகரமாட்டார்.