திருநீறு தேய்த்த வெள்ளிக்காசு

அம்மருட் நிலையத்தில் ரயில் ஏறப்போகையில் சாவுச் செய்தி குறுஞ்செய்தியாக வந்தது: "ரஞ்சினி அக்கா விடிய மோசம் போயிட்டா." அந்த ரயிலையும் அடுத்ததையும் விட்டுவிட்டு நிலையத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோயிலில் அவரைக் கண்டவர்களுக்கு அவருடைய வேலை தெரிந்திராது. கேட்டால், "மியூசியத்திலை சில்லறை பாக்கிறன்" என்பார். ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தின் நாணய அறையில் பழங்காசுகளைப் படமெடுத்துப் பதிவுசெய்தவர் அவர். அங்கே மூன்று மாதத் தற்காலிக வேலைக்குப் போனவள் நான்.

முதல் வாரம் ஒரு காசைக் காட்டினார். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவை ஆண்ட கரோலிங்கிய அரசர்கள் அடித்த வெள்ளி. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் தூண் வைத்த கோயில், விளிம்பில் ஒரு துளை. பழுதாகிவிட்டதே என்றேன்.

"பழுதோ? கடல் கடந்து கொண்டுவந்தவன் பெண்சாதியின்ரை கழுத்திலை போட ஓட்டை போட்டிருப்பான். உம்மடை தாலிக்கொடியிலை பவுண் கிடக்கேல்லையே?"

அதன்பின் அந்தக் காசுகள் எங்கள் வீட்டுச் சாமான்போல ஆகிவிட்டன. வினையும் அங்கேதான் வந்தது. கறுத்துப்போன ஒரு காசைக் கண்டதும், வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துலக்குவதுபோல, கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்துத் தேய்த்தேன். ஓர் ஓரம் பளிச்சிட்டது. பெருமையாக அக்காவிடம் காட்டினேன்.

"நிப்பாட்டும்" என்றார். "அந்தக் கறுப்பு ஊத்தை இல்லை. அது காசின்ரை வயசு."

வேலை நிரந்தரமாவதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது. முதுகு நோவால் கணவர் வீட்டோடு இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்று கெஞ்சினேன்.

"சொல்லாட்டி நாளைக்கு இதைப் பாத்துப் படிக்கிறவை பிழையாப் படிப்பினம். எழுதத்தான் வேணும்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அவரோ காசின் பதிவு அட்டையில் நடந்ததை எழுதி, கீழே எங்கள் இரண்டு பெயர்களையும் போட்டு, நேரே மேலதிகாரியிடம் போனார். முதல்நாளே சொல்லிக்கொடுக்காதது தன் பிழை, வேலையை விட்டு அனுப்புவதென்றால் இருவரையும் அனுப்புங்கள் என்றாராம். இருவருக்கும் நல்ல ஏச்சு விழுந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தால், "விசர்க்கதை விட்டிட்டுத் தேத்தண்ணியைப் போடும்" என்பார். கடைசிவரை சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன்: அக்கா, எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது உங்களால்தான்.

நேற்று, கிரியைகள் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அந்த இழுப்பறையைத் திறந்தேன். காசின் ஓரம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அட்டையை எடுத்துப் படித்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதில் உள்ள வரிசைதான்: நான் செய்த பிழைக்குக் கீழே, அவர் பெயர் முதலில், என் பெயர் பிறகு.